அஸ்தினாபுரத்து வான்கோழி

குரு வம்சத்தின் மானம் எவர் முன்னும் தலை குனிந்ததில்லை. பதினோரு அக்குரோணி சேனை அழிந்தபோதும், தம்பிமார் தொண்ணூற்றொன்பது பேர் மாண்டபோதும், தொடை பிளந்து மண்ணில் கிடந்தபோதும் துரியோதன மகாராஜனுடைய மீசை ஒரு நெல்லளவுகூடத் தாழவில்லை என்று பாரதம் கேட்டவர்கள் எல்லாரும் சொல்வார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம் சித்திரை மாதம், திருவொற்றியூருக்கு வடக்கே ஒரு குப்பத்துத் திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவில், நான்காம் நாள் கூத்தில் அது தாழ்ந்தது. தாழ்த்தியது ஒரு வான்கோழி.

துரியோதனன் வேஷம் கட்டியவர் லோகநாத மேஸ்திரி. துறைமுகத்தில் மூட்டை இறக்கும் நாற்பது ஆட்களுக்கு மேஸ்திரி. பதினோரு வருஷமாக அந்த வேஷம் அவருடையது. வருஷத்தில் பத்து நாள்தான் ராஜா என்றாலும் மிச்ச நாட்களுக்கு அந்தப் பதவியைத் துறக்க அவருக்கு மனசு வரவில்லை. மூட்டை சுமப்பவன் கால் இடறினால் "யாரங்கே!" என்பார். டிராமில் இடம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். மகுடம் கூரையில் இடிக்கும் என்பதுபோலக் கழுத்தைச் சற்றே மடக்கிக்கொண்டு நிற்பார். ராயபுரம் ரயிலடியிலிருந்து அவர் வீட்டுக்கு இரண்டு வழி உண்டு. ஜார்ஜ் வீட்டுச் சந்தில் நுழைந்தால் நேராகப் போய்விடலாம். மாதா கோயிலைச் சுற்றிக்கொண்டு போனால் கால் மணி நேரம் அதிகம். போன ஐப்பசியிலிருந்து மேஸ்திரி சுற்று வழியில்தான் போய் வந்துகொண்டிருந்தார். கேட்டவர்களிடம், "கடக்காத்து ஒடம்புக்கு நல்லது" என்றார். ரயில்வேயில் கார்டாக இருந்த ஜார்ஜ் துரை அந்த ஐப்பசியில் ஒரு வான்கோழி வாங்கி வந்து வாசலில் விட்டிருந்ததும், அது மேஸ்திரியின் வேட்டி நுனியைக் கவ்விக்கொண்டு சந்து முழுக்கத் துரத்தியதும், உலகத்தில் அவர் மனைவி கெங்கம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். அப்படித்தான் அவர் நம்பியிருந்தார்.

கூத்தில் கட்டியக்காரன் என்று ஒருவன் உண்டு. ராஜா திரைக்குப் பின்னால் நின்று கர்ஜிக்கும்போது, திரைக்கு முன்னால் நின்று "யார் வருவது?" என்று கேட்டு அவரைச் சபைக்கு அறிமுகப்படுத்துகிறவன். கோமாளி. அவன் ராஜாவை எதையும் கேட்கலாம். ராஜா அதற்காக அவனை அடிக்கக் கூடாது. கூத்துக் களரியில் கேட்டதை வெளியே வந்து விசாரிக்கவும் கூடாது. இந்த வழக்கத்தை ஏற்படுத்திய மகான் யாரோ தெரியாது. அவர் நிச்சயமாக ராஜா வேஷம் கட்டியவர் அல்லர். அந்தக் கோயிலில் கட்டியக்காரன் பரசுராமன். துறைமுகக் கிடங்கில் கிழிந்த சாக்குகளைத் தைக்கும் வேலை. அதாவது மேஸ்திரிக்குக் கீழே. குடியிருப்பு ஜார்ஜ் வீட்டுச் சந்திலேயே, இரண்டு வாசல் தள்ளி. ஒல்லியான ஆள். வாய் மட்டும் நாலு ஆளுக்கு இருந்தது.

கொடியேற்றத்தன்று ராஜா வேஷக்காரர்களுக்குக் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் துணி மணிக்கட்டில் ஏறிய பிறகு பத்து நாளுக்கு ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. வீட்டுக்குப் போகக் கூடாது. மனைவி கையால் தண்ணீர்கூட வாங்கக் கூடாது. விடிய விடியக் கூத்து ஆடிவிட்டு, பகலில் கோயில் மண்டபத்தில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்ள வேண்டும். லோகநாத மேஸ்திரி கப்பல்களைப் பத்து நாளுக்கு மைத்துனன் பொறுப்பில் விட்டுவிட்டுக் கையை நீட்டினார். பரசுராமனுக்குக் காப்பு இல்லை. கோமாளிக்கு விரதம் என்ன விரதம் என்று ஊர் எப்போதோ முடிவு செய்திருந்தது. அவன் காலை ரயிலில் ராயபுரம் போய்ச் சாக்குத் தைத்து, சாக்குக் குவியல் மேலேயே தூங்கி, வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றுவிட்டுச் சாயங்கால ரயிலில் திரும்பி வந்தான். பதினோரு வருஷமாக இது மேஸ்திரிக்கு உறுத்தியதில்லை. ராஜாவுக்கும் கோமாளிக்கும் வித்தியாசம் வேண்டாமா என்றுகூட நினைத்து மகிழ்ந்திருக்கிறார்.

நான்காம் நாள். துரியோதனன் கொலுவில் அமர்ந்து தன் சேனையின் பெருமையைக் கேட்கிறான். பரசுராமன் ஒவ்வொருவராக விரல் மடக்கிச் சொல்லி வந்தான்.

"பீஷ்மர் கீறாரு, துரோணர் கீறாரு, கர்ணன் கீறாரு. பாண்டவங்க அஞ்சி பேரு, ஒரு கை பாத்துர்லாம் மகாராஜா. அது ஒண்ணும் பேஜாரு இல்ல. ஆனா சந்து முக்குல நிக்குதே வான்கோழி, அத்த இன்னா பண்றது?"

சபை சிரித்தது. ராயபுரத்திலிருந்து வந்து உட்கார்ந்திருந்த கூட்டம் மற்றவர்களைவிட அதிகமாகச் சிரித்தது. ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டு சிரித்தது. அதற்கென்ன தனிக் காரணம் என்று மேஸ்திரிக்கு விளங்கவில்லை. "சீ, மூடா!" என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. பின்னால் தாளத்தோடு நின்ற ஜெயவேல் வாத்தியார், "சீ மூடான்னு சொல்லு, சொல்லித் தொல" என்று முணுமுணுத்தார். அதுவும் முன்வரிசைக்குக் கேட்டது.

மறுநாள் விளக்கு வந்தது. "மகாராஜா பள்ளியறையில வெளக்க அணைச்சா மகாராணி கைய புடிச்சிக்குவாராமே, நெசமா?" என்றான் கட்டியக்காரன். மேஸ்திரி மகுடத்துக்குள் வியர்த்தார். அதற்கு மறுநாள் வந்ததுதான் நெஞ்சில் நேராக இறங்கியது. பரசுராமன் துரியோதனனுடைய பட்டத்து ராணி பெருந்திருவாளிடமிருந்து தூது கொண்டு வந்தவன்போல் கைகட்டி நின்று, "மகாராணி கேட்டுகினு வரச் சொன்னாங்கோ. பத்து வருசமா ஜிமிக்கி ஜிமிக்கின்னு கூப்புட்றியே, ஒரு ஜோடி ஜிமிக்கி வாங்கிக் குடுத்தியான்னு" என்றான்.

ஜிமிக்கி. அது கெங்கம்மாவை அவர் கூப்பிடும் பெயர். கதவு சாத்திய பிறகு, அதுவும் மெதுவாக. துறைமுகத்தில் நாற்பது ஆட்களை நடுங்க வைக்கும் தொண்டை அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் வேறு மாதிரி ஆகும். அது வீட்டை விட்டு வெளியே வர ஒரே ஒரு வழிதான் உண்டு. அந்த வழி கெங்கம்மாவின் வாய். அந்த வாயிலிருந்து பரசுராமன் காதுக்கு எத்தனை தூரம் இருந்திருக்கும் என்று மேஸ்திரி அளக்கத் தொடங்கினார். மூட்டைக் கணக்கில் தவறே விடாத மனிதர். இந்தத் தூரம் மட்டும் ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் குறைவாக வந்தது.

இதில் ஒரு பழைய புண்ணும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு வருஷமும் கடைசி நாள் படுகளத்தில் அவர் சாகும்போது ஊர்ப் பெண்கள் எல்லாம் அழுவார்கள். கெங்கம்மா அழுததில்லை. ஒரு வருஷம் அவர் தொடையிலிருந்து செஞ்சாந்து பொங்கி வழிந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் அவள் வளையல்காரனிடம் கையை நீட்டிக்கொண்டிருந்ததை அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். ஆனால் கட்டியக்காரன் வாயைத் திறந்தால் அவளுக்குச் சிரிப்பு தாங்காது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, உடம்பு குலுங்க, பக்கத்தில் இருப்பவள் மேல் சாய்ந்து சிரிப்பாள். வீட்டில் அவர் ஒரு நாள் கஷ்டப்பட்டு ஒரு தமாஷ் சொன்னபோது, "இன்னா மாமா, ஒடம்பு செரியில்லயா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஏழாம் நாள் காலையில் கெங்கம்மா மாற்று வேட்டியும் துண்டும் எடுத்துக்கொண்டு ரயிலேறி வந்தாள். கையில் கொடுக்கக் கூடாது என்பதால் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் மூட்டையை வைத்தாள். இந்தப் பக்கமிருந்து அவர் குனிந்து எடுத்துக்கொண்டார். இன்னொரு துணி மூட்டை அவள் இடுப்பிலேயே இருந்தது.

"வூட்ல யாராச்சும் வந்தாங்களா?" என்றார்.

"பால்காரன் வந்தான்."

"கோமாளி?"

"நீ இங்க கீற. அங்க ஏது மாமா கோமாளி?"

மேஸ்திரி இதை மன்னித்தார். ராஜாக்கள் மன்னிக்க வேண்டிய கட்டம் என்று ஒன்று உண்டு.

"பரசுராமனச் சொல்றேன்."

"அவன் தெனம் நம்ம வாசலாண்டதான் போறான். போறவன் கால ஒடிக்கவா சொல்ற?"

"நம்ம சமாச்சாரம் எதுனா அவனாண்ட சொன்னியா?"

கெங்கம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் நேற்றைய அரிதாரம் காதோரம் ஒட்டிக்கொண்டிருந்தது. "நம்ம சமாச்சாரத்துல சொல்றதுக்கு இன்னா கீது?" என்றாள். நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள். அதுதான் அவரை அதிகமாக வருத்தியது.

அவள் திரும்பி நடந்தாள். ரயிலடிப் பாதையில், உப்பு வண்டி திரும்பும் இடத்தில், பரசுராமன் ரயிலுக்குப் போவதற்காக நின்றிருந்தான். இருவரும் பேசினார்கள். அவன் ஏதோ சொன்னான். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பிறகு இடுப்பிலிருந்த மூட்டை அவன் கைக்கு மாறியது. அவன் அதைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்த்து, இரு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். லோகநாத மேஸ்திரி எல்லைக் கல்லில் ஒரு காலை வைத்து நின்றார். பதினோரு அக்குரோணி சேனைக்கு அதிபதி. அந்தக் கல்லைத் தாண்டி ஒரு சாண் போக முடியவில்லை. மணிக்கட்டில் இருந்த மஞ்சள் துணி அரித்தது. அதைச் சொறிவதுகூட விரதபங்கமோ என்று சந்தேகம் வந்து, சொறியாமலே நின்றார்.

அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் சரியாக வரவில்லை என்று அவரே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். பகலில் மண்டபத்தில் படுத்தால் புரண்டுகொண்டே இருப்பதாகச் சொன்னார். மண்டபத்துக்கு முன்னால் மத்தியானம் பாரதப் பிரசங்கம் நடக்கும். இந்த வருஷம் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பிரசங்கியாருக்குப் பெருமை தாங்கவில்லை; தம்முடைய குரலுக்கு இத்தனை வருஷம் கழித்தாவது மதிப்பு வந்ததே என்றார். ஆனால் முன்னால் இடம் கிடந்தும் எல்லாரும் பின்னால் போய் மண்டபத்துத் தூண்களை ஒட்டியே நெருக்கி உட்காருவது ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. வெட்கமாக இருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டார். வேர்க்கடலை விற்கும் காத்தூன் பீவிகூடத் தன் கூடையைத் தேரடியிலிருந்து தூக்கி வந்து தூணோரமாக வைத்துக்கொண்டாள். வியாபாரம் அங்கேதான் நடந்தது.

படுகளம் பத்தாம் நாள் காலை. மைதானத்தில் முப்பதடி நீளத்துக்கு மண்ணால் துரியோதனனைச் செய்து படுக்க வைத்திருந்தார்கள். மண் துரியோதனனுக்கு மீசை மட்டும் மூன்றடி. பீமன் கதையை ஓங்கி மண் தொடையில் போட, உள்ளே புதைத்த சட்டி உடைந்து செஞ்சாந்து வழிய, மேஸ்திரி அதன் மேல் மல்லாந்து விழுந்தார். பதினோரு வருஷத்து அனுபவம். அத்தனை அழகாக விழ அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. விழுந்த இடத்திலிருந்து கெங்கம்மா தெரியும்படியாகவும் பார்த்து விழுந்தார். செத்த பிறகு இமையை நூலளவு திறந்து வைத்துக்கொண்டார். இந்த வருஷமாவது ஒரு சொட்டு விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அவளுக்குத் தன்மேல் மிச்சம் எதுவும் இருக்கிறதா என்பதை அறிய அவருக்கு வேறு வழி தெரியவில்லை. அவள் கையில் கடலைப் பொட்டலம் இருந்தது.

அடுத்து பெருந்திருவாள் துடைப்பமும் முறமும் ஏந்தித் தலைவிரி கோலமாக ஓடிவந்து புருஷன் பிணத்தின் மேல் விழுந்து புலம்ப வேண்டும். பெண் வேஷத்துக்கு ஆள் போதாததால் அதையும் கட்டியக்காரனே கட்டுவது வழக்கம். பரசுராமன் ஓடிவந்தான். மாம்பழக் கலரில், அரக்குக் கரை போட்ட புடவை. போன பொங்கலுக்கு மேஸ்திரி கடைத்தெரு முழுக்க அலைந்து தாமே தேர்ந்தெடுத்து வாங்கி வந்த புடவை. கெங்கம்மா இரண்டே முறை கட்டியது. அது இப்போது ரோமம் அடர்ந்த ஒரு மார்பைச் சுற்றிக்கொண்டு அவர் மேல் வந்து விழுந்தது. அதில் அவர் வீட்டுப் பெட்டியின் வாசனை இருந்தது.

"என் ராசாவே!" என்று பரசுராமன் எடுத்தான். கோமாளிக் குரல் இல்லை. எங்கிருந்து வந்ததென்று தெரியாத ஒரு குரல். "ஊரு நடுங்க நடந்த ராசாவே! வெளக்கு அணைஞ்சா மட்டும் என் கைய தேடுவியே! இப்ப எந்த இருட்டுல தனியா போயி படுத்துகினே? ஜிமிக்கி, ஜிமிக்கின்னு கூப்ட வாயில மண்ணு கீதே! இனிமே அந்தப் பேரு எனுக்கு எதுக்கு? யாரு கூப்ட நான் திரும்பிப் பாப்பேன்?"

சபையில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. மேஸ்திரி இமையிடுக்கு வழியாகப் பார்த்தார். கடலைப் பொட்டலம் கெங்கம்மா மடியில் கவிழ்ந்து கிடந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள். முந்தானையால் துடைக்கக்கூட இல்லை. கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்து மோவாயில் சொட்டியது. பதினோரு வருஷம் அவர் காத்திருந்த கண்ணீர். செத்தது அவர், அழ வைத்தது அவன். அவர் சாவில்கூட அவருக்குப் பங்கில்லை. இதற்கு மேல் ஒரு பிணத்தால் பொறுக்க முடியாது.

"டேய்," என்றார் துரியோதனன், கண்ணை முழுக்கத் திறந்து. "அந்தப் பொடவ ஏதுடா உனுக்கு?"

பம்பை நின்றது. ஜெயவேல் வாத்தியார் தாளத்தைக் கீழே போட்டார். செத்த துரியோதனன் பேசிய கதை எந்தப் பாரதத்திலும் இல்லை. பரசுராமன் ஒரு கணம்தான் திகைத்தான். பிறகு துடைப்பத்தை ஓங்கி மேஸ்திரியின் நெஞ்சில் மூன்று முறை போட்டு, "செத்த பொறவும் சந்தேகமா ராசாவே! உன் ஆவி அடங்கலயா ராசாவே!" என்று அதே புலம்பலிலேயே சேர்த்துவிட்டான். படுகளத்தில் துடைப்பத்தால் அடித்தால் பீடை போகும் என்பது வழக்கம். ஆவி அடங்காத துரியோதனன் என்றால் கேட்க வேண்டுமா? கையில் துடைப்பம் இருந்த பெண்கள் எல்லாம் பக்தியோடு எழுந்து வந்தார்கள்.

கிணற்றடியில் மேஸ்திரி செஞ்சாந்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது கெங்கம்மா வந்து நின்றாள். கண் இன்னும் சிவப்பாக இருந்தது.

"பொடவய நான்தான் குடுத்தேன்" என்றாள். "வருசா வருசம் கிழிஞ்ச பொடவ கட்டிகினு வந்து உம்மேல வுயுந்து அழுவுறான். பாக்கறவங்கோ இன்னா நெனப்பாங்க? துரியோதன மகாராஜா பொண்டாட்டிக்கு ஒரு நல்ல பொடவ இல்லன்னுதானே?"

மேஸ்திரிக்கு அந்த நியாயம் ராஜ நியாயமாகவே பட்டது. ஆனாலும் விடவில்லை. "பேரு? அந்தப் பேர யாரு சொன்னது அவனுக்கு?"

"நான் சொல்லல. நான் கேட்டப்போ எனுக்கே தூக்கி வாரிப்போட்டுச்சி. நீதான் சொன்னியாங்காட்டியும்னு நெனச்சேன்."

"நானா?"

பக்கத்தில் கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்த காத்தூன் பீவி தொண்டையைக் கனைத்தாள். "நைனா, நீதான் சொன்ன" என்றாள்.

"எப்போ?"

"தூங்கசொல்லோ. தெனம் மத்தியானம். வருசா வருசம் பேசுவ. மூட்ட, சாக்கு, கொக்கின்னு. யாரும் காதுல போட்டுக்க மாட்டோம். இந்த வருசம்தான் கொஞ்சம் ருசியா கீது. வான்கோழி வர்து, வான்கோழி வர்துன்னு கால ஒதர்ற. ஜிமிக்கி, வெளக்க அணைக்காதன்ற, பட்டப் பகல்ல. அத்த கேக்கத்தானே பொம்பளைங்க எல்லாம் தூணாண்ட வந்து குந்திகினு கீறாங்க? சாயங்காலம் கோமாளி ரயில வுட்டு எறங்கினதும், இன்னைக்கி ராஜா இன்னா சொன்னாருன்னு கேப்பான். ஆளுக்கு ஒண்ணா சொல்லுவோம்."

மேஸ்திரி ஒரு வாளித் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டார். கெங்கம்மா துரோகம் செய்யவில்லை என்பது தெரிந்த ஆறுதலுக்கும், குப்பம் முழுக்கத் தன் படுக்கையறையில் பத்து நாளாகக் கடலை தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தது என்ற செய்திக்கும் நடுவில் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில், "நீ அழுத" என்றார், குற்றம் சாட்டுவதுபோல்.

"ஆமா."

"எனுக்கா, அவனுக்கா?"

கெங்கம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவன் சொன்னப்போ நீ நெசமாவே செத்துட்டாப்பல இருந்துச்சி" என்றாள். "நீ சாவசொல்லோ அப்டி இல்ல."

மறுநாள் சாயங்காலம் காப்பை அறுத்து விட்டதும் இருவரும் ரயிலேறி ராயபுரத்தில் இறங்கினார்கள். பரசுராமன் காலை ரயிலிலேயே போய்விட்டிருந்தான். லோகநாத மேஸ்திரி ரயிலடியிலிருந்து மார்பை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தார்; வழியில் இரண்டு பேர் கும்பிட்டார்கள், ஒருவன் தொண்டைக்குள் கொக்கரித்தான். சந்து பிரியும் இடம் வந்ததும் அவர் நடை சற்றுத் தளர்ந்தது. இன்று நேர் வழியில் போய்விடுவது என்று திருவொற்றியூர் தாண்டும்போதே முடிவு செய்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். மீசையை ஒரு முறை தொட்டுப் பார்த்தார். அவர்கள் சேர்ந்து நடந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

"அது கீதா பாரு" என்றார்.

கெங்கம்மா நாலடி முன்னால் போய்ச் சந்துக்குள் எட்டிப் பார்த்தாள். ஜார்ஜ் வீட்டு வாசலையும், அதற்கு அப்பால் இருந்த வாசல்களையும் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பினாள்.

"கீது மாமா. றெக்கய விரிச்சிகினு நிக்குது. நீ சுத்திகினு வா."

சொல்லிவிட்டு மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சந்துக்குள் நடந்தாள். மேஸ்திரி அவள் முதுகைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, கடற்காற்று வாங்குகிறவர்போல, மாதா கோயில் பக்கமாகத் திரும்பினார்.

அந்த வான்கோழியை ஜார்ஜ் வீட்டில் போன கிறிஸ்துமஸுக்கே சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள்.